அறுபது பெல்ட்

விடியற்காலை ஐந்து மணிக்கு விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலில் நகர்ந்தால்தான் தெரியும், மேலே உட்கார்ந்து பறக்கிறவர்கள் எவ்வளவு கனமானவர்கள் என்று. சரக்கு அறையின் உயரம் நாலடி. நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். கன்வேயரில் ஏறி வரும் பெட்டியை மார்பில் வாங்கி, இடுப்பைத் திருப்பி, பின்னால் இருப்பவனிடம் தள்ள வேண்டும். ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத் தார்த்தளம் முந்தின நாள் வெயிலை இரவெல்லாம் வைத்திருந்து விடியலில்தான் வெளியே விடும். பத்தாவது பெட்டியில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நூறாவது பெட்டியில் முழங்கால் சில்லு கழன்று தரையில் உருண்டு ஓடும். நானே ஒருமுறை துரத்திப் பிடித்து மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய பேகம்பேட்டை நிலையத்தில் தொடங்கி ஷம்ஷாபாத்தில் முடித்து, முப்பத்தொரு வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டு அந்த ஜனவரியில் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரம் மார்ச்சில் நின்றது. மே மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கொரோனா இரண்டாவது அலையில் பாதி ஆட்கள் படுத்துவிட்டார்கள், பாலச்சந்திரன் கொஞ்ச நாள் வந்து கைகொடுக்க முடியுமா என்று. “இந்த வயசுல நோயைத் தேடிப் போறீங்களா?” என்று என் மனைவி சாந்தா கேட்டபோது நான் காக்கிச் சட்டைக்கு மூன்று பொத்தான் போட்டு முடித்திருந்தேன். மாரெட்பள்ளி வீட்டில் நாலு மாதம் கீரை ஆய்ந்தவனுக்கு விமானத்தின் வயிறு சொர்க்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் நிரப்பிக்கொண்டிருந்தது போர்ட் பிளேர் விமானம். தொற்றுக்கு முன்னால் அந்தத் தீவுகளுக்குத் தினமும் நாலு விமானம் பறந்தது. இப்போது செவ்வாய், வியாழன், சனி, நாளைக்கு ஒன்று. கப்பலும் நின்றுவிட்டது. மருந்துப் பெட்டிகள் ஏறின. பிறந்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகள், அட்டைப் பெட்டித் துளைகளில் மூக்கை நீட்டிக் கத்திக்கொண்டே ஏறின. எட்டுப் பேர் செய்ய வேண்டிய வேலையை ஐந்து பேர் செய்தோம். சம்பளத்தைப் பாதியாக்கியிருந்தார்கள். “பயணிகளே இல்லை, நான் என்ன நோட்டா அடிக்கிறேன்?” என்பது விமானங்களில் சுமை ஏற்றுவதையும் துப்புரவையும் குத்தகை எடுத்த எங்கள் கம்பெனியின் முதலாளி ஜெயந்த் சொன்ன காரணம்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவன் குமரவேல். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். இரண்டு பெட்டியை ஒரே கையில் தூக்குவான். மூன்று என்றும் சொல்லலாம், பார்த்தவன் நான் ஒருவன்தானே. விமானத்தின் உள்ளே துடைத்துப் பெருக்குவது விஜயகுமாரியும் சபீனாவும். காற்றுப் புகாத வெள்ளைப் பாதுகாப்புக் கிட்டுக்குள் வெந்துகொண்டே நூற்று எண்பது இருக்கைகளையும் துடைத்து, ஒவ்வொரு இருக்கையிலும் பெல்ட்டைக் குறுக்கே மடித்துப் போட்டுவிட்டு இறங்குவார்கள்.

விஜயகுமாரி போர்ட் பிளேர்க்காரி. ஜங்கிளிகாட் மீனவர் குடியிருப்பு. புருஷன் தேவசகாயம் அங்கே தோணி ஓட்டுகிறார். மீன்பாடு இல்லாத வருஷத்தில் இவள் மட்டும் ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் படகுத்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. கொரோனாவுக்குப் பயந்து ஒருவரும் வார்டுக்குள் வருவதில்லை. எட்டாத தண்ணீர் பாட்டிலைக் கைலியில் கிழித்த நாடாவால் சுருக்குப் போட்டு இழுத்துக் குடிப்பதாகப் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் சிரித்ததைச் சொல்லும்போதுதான் விஜயகுமாரி அழுதாள்.

அவள் வாரத்தில் மூன்று நாள் அந்த விமானத்துக்குள் ஏறுகிறாள். பறப்பதற்கு முன்னால் இறங்கிவிடுகிறாள். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு இலவச இருக்கை முன்பு உண்டு, அதையும் ஜெயந்த் நிறுத்திவிட்டார். விமானக் கம்பெனியின் கவுண்டர் அதிகாரி பிந்து மேடத்திடம் கேட்டாள். பிந்து திரையைத் திருப்பிக் காட்டினாள்: “பாரும்மா, எல்லா சீட்டுலயும் பேர் இருக்கு. நான் என்ன பண்ண?” ஜெயந்திடம் கேட்டாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “ஃபுல்” என்றார்.

முனையத்துக்கு வெளியே நடைபாதையில் இதே ‘ஃபுல்’லைக் கேட்டுவிட்டு இருபத்துமூன்று தீவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வைத்தியத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள், தேர்வு எழுத வந்தவர்கள். நோய் இல்லை என்ற சான்றிதழ் இரண்டு நாளில் காலாவதியாகும்; மூக்கைக் கொடுத்து மறுபடி வாங்குவார்கள். அவர்களில் ஸ்ரீனிவாஸ் என்பவர் சிறுநீரகக்காரர். அவர் மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு விட்டு எடுத்ததில் அங்கே ஒரு ஆட்டோ திருப்பலாம் போல வழி விழுந்துவிட்டது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு விமானம் திரும்பி வந்தது. துடைப்பதற்கு ஏறிய விஜயகுமாரி கால் மணி நேரத்தில் கிட்டின் தலைப்பகுதியைக் கழற்றி எறிந்துகொண்டே கீழே இறங்கி ஓடி வந்தாள்.

“அண்ணே, பின்னாடி பத்து வரிசைல ஒருத்தரும் உக்காரல.”

“எப்படிச் சொல்ற?” என்றான் குமரவேல்.

“பெல்ட் என் பெல்ட்டு. காலைல நான் போட்டது போட்டபடியே கெடக்கு.”

அவள் பெல்ட் போடுவதில் ஒரு பழக்கம் உண்டு. மற்றவர்கள் இரண்டு பட்டையையும் சும்மா குறுக்கே எறிவார்கள். இவள் வலது பட்டையை மேலே போட்டு, கொக்கியை உள்பக்கமாகத் திருப்பி அடியில் செருகிவிடுவாள். தோணிக் கயிற்றை அப்படித்தான் மடிப்பார்களாம். விமானப் பணிப்பெண்ணுக்கு அது வராது. போர்ட் பிளேரில் இப்போது துப்புரவுக்கு ஆளே ஏறுவதில்லை. ஆக, அந்த இருக்கைகளில் போகும்போதும் ஆளில்லை, வரும்போதும் ஆளில்லை.

“ஹவ், நானும் பாத்தேன்,” என்றாள் சபீனா; அவளுடைய ஹைதராபாத் பேச்சில் ஹவ் என்றால் ஆமாம். “பத்து வரிசை. அறுபது சீட்டு. பேர் இருக்கு, ஆள் இல்ல. ஜின் பூதமா போய்ட்டு வருது?”

வேலை முடிந்து ஊழியர் வேன் கிளம்பியது. எனக்குக் கை அரித்தது. தீவு டிக்கெட் என்றாலே எல்லோரும் சொல்கிற பெயர் ஒன்று இருந்தது: நீலக்கரை ஹாலிடேஸ். போனை ஸ்பீக்கரில் போட்டேன். தொண்டையைச் செருமிக் குரலில் நாலு கிலோ தங்கம் ஏற்றிக்கொண்டேன்.

“அம்மா, நான் காஞ்சன்பாக்லருந்து பேசறேன். பெரிய காண்ட்ராக்டர். என் பையன் தீபக்குக்கும் சாஹித்யான்னு ஒரு பொண்ணுக்கும் கல்யாணம். அந்தமான் கடற்கரையிலதான் தாலி கட்டுவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். வியாழக்கிழமைக்கு அறுபது டிக்கெட் கெடைக்குமா?”

“தாராளமா சார்!” என்றது ஒரு பெண் குரல். “அறுபதும் இருக்கு. சேந்தாப்ல பின்னாடி பத்து வரிசை தந்துடறேன்.”

குமரவேல் முகக்கவசத்தை அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

“எவ்ளோம்மா?”

“டிக்கெட் கவர்ன்மென்ட் ரேட்தான் சார். அதுக்கு மேல நாங்க வாங்கறதே இல்ல. ஆனா மூணு நைட் ஹோட்டல் சேத்துதான் எடுக்கணும். ரெண்டும் சேத்து ஆளுக்கு முப்பத்தாறாயிரம்.”

“அடேயப்பா. ஹோட்டல் நல்லா இருக்குமா? எங்க சம்பந்தி கட்டில் கொஞ்சம் ஆடினாலும் கல்யாணத்தை நிறுத்திடுவார்.”

“புது ஹோட்டல் சார். எங்க ஜெயந்த் சாரோடது. வியாழக்கிழமைதான் தெறப்பு விழா, பன்னண்டு மணிக்குப் பூஜை. சாரே அதே பிளைட்ல போறார். கட்டில், மெத்தை எல்லாம்கூட அதுலதான் போகுது.”

வேன் ஓட்டுநர் பிரேக் போட்டார். ஜெயந்த். எங்கள் ஜெயந்த். பயணிகளே இல்லை என்று சம்பளத்தைப் பாதியாக்கியவரும் பயணிகளின் இருக்கையைப் பொய்ப் பேர்களில் பதுக்கி ஹோட்டலோடு சேர்த்து விற்பவரும் ஒரே ஆள். முப்பத்தாறாயிரத்துக்கு ஆள் சிக்கினால் விற்பார். சிக்காவிட்டால் காலியாகப் பறக்கவிடுவார். கவுண்டரில் விட்டால் விலை இறங்கிவிடுமே!

விஜயகுமாரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். “எனக்கு ஒரே ஒரு சீட்டு வேணும். ஹோட்டல் வேணாம். எனக்கு அங்க வீடு இருக்கு.”

“சாரி மேடம்,” என்றது அதே குரல், அதே இனிமையில். “ஃபுல்.”

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். “சொந்த ஊர்ல லாட்ஜ் எடுக்கணுமா அண்ணே நான்? எங்க வீட்டுக் கொல்லைல நின்னா அந்த ரன்வே தெரியும்.”

அதற்குப் பிறகு வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குமரவேல் சொன்னது மட்டும் மேலே கேட்டது: “போர்ட் பிளேர்ல மத்தியானத்துக்கு மேல காத்து. ரன்வேயை மூடிருவாங்க. இங்கருந்து ஒம்பதரைக்குள்ள கிளம்பலேன்னா அன்னைக்குப் பிளேனே இல்ல. வியாழக்கிழமை ஒம்பதரை வரைக்கும் நாம கையைக் கட்டினா போதும். பூஜையை அவன் ரன்வேலயே வச்சுக்கட்டும்.”

“நக்கோ, வேணாம் குமரவேல்,” என்றாள் சபீனா. “உள்ள பேஷன்ட் இருப்பாங்க. மருந்து இருக்கும். அவுங்களுக்குக் எதுக்கு தண்டனை?”

“மருந்து ஏறட்டும், குஞ்சு ஏறட்டும், பயணிங்க பெட்டி ஏறட்டும்,” என்றாள் விஜயகுமாரி. “எப்பவும் போல வேகமா ஏறட்டும். அவரோட மெத்தை மட்டும் சட்டப்படி ஏறட்டும்.”

“எந்தச் சட்டம்?”

“செவுத்துல ஒட்டிருக்காரே, அது.”

குமரவேல் அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்த சிரிப்பில் வேன் ஆரம்கர் நாற்சந்தி வரை தானாகவே ஓடியது.

அந்தச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓய்வறைச் சுவரில் ஜெயந்த் பளபளவென்று ஒரு தாள் ஒட்டியிருந்தார், கொரோனா பாதுகாப்பு விதிகள் என்று. ஒவ்வொரு பெட்டிக்கும் புதுக் கையுறை. ஒவ்வொரு இருக்கைக்கும் புதுத் துணி. ஆளுக்கு ஆள் ஆறடி தூரம். ஆய்வுக்கு அதிகாரிகள் வந்த அன்று எங்கள் எல்லோருக்கும் நீலக் கையுறை மாட்டிப் படம் எடுத்தார்கள். அதிகாரிகள் காரில் ஏறியதும் கையுறைகளைத் திரும்ப வாங்கி எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு ஜோடி, விமானத்துக்கு ஒரு துணி.

வியாழக்கிழமை விடிந்தது. மருந்தும் குஞ்சுகளும் பயணிகளின் பெட்டிகளும் ஆறு மணிக்குள் ஏறி முடிந்தன. என் வாழ்நாளில் அவ்வளவு வேகத்தைப் பார்த்ததில்லை. குஞ்சுகளே வாயடைத்துப் போயின. பிறகு டிராலியில் ஜெயந்தின் சரக்கு வந்தது. சுருட்டிக் கட்டிய மெத்தைகள், பிரித்துக் கட்டிய கட்டில்கள், அட்டைப் பெட்டியில் ஒரு பெரிய தொங்கு விளக்கு, அவருடைய இரண்டு தோல் சூட்கேஸ்கள்.

குமரவேல் முதல் மெத்தையை டிராலியிலிருந்து இறக்கி வைத்தான். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டான். நாங்கள் ஐந்து பேரும் ஆறடி இடைவெளி விட்டுக் கைகட்டி நின்றோம்.

ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் எட்டேகாலுக்கும் நின்றது. ஜெயந்த் வந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, அதற்கு மேல் வெள்ளைக் கிட்டு. அவர் நெற்றியில் ஓடிய வியர்வையைத் திருப்பிவிட்டிருந்தால் ஹுசேன் சாகர் கரை உடைந்திருக்கும்.

“என்ன தமாஷா? ஏன் நிக்கிறீங்க?”

“கையுறை தீந்துருச்சு சார்,” என்றான் குமரவேல்.

“கையுறையா? நேத்து வரைக்கும் எதைப் போட்டுத் தூக்கினே?”

“தப்பு பண்ணிட்டோம் சார். இன்னைக்குத்தான் உங்க பேப்பரை முழுசாப் படிச்சோம். நாலு பேரு கொரோனால படுத்ததுக்கப்புறம் புத்தி வந்துச்சு.”

“பாலு, நீயாவது சொல்லேன். எங்க அப்பா காலத்து ஆள் நீ.”

“சொல்லலாம் சார்,” என்றேன் பணிவாக. “ஆனா ஆறடி தள்ளி நிக்கிறான், காதுல விழாது.”

“வெளியில நூறு பேரு நிக்கிறான் உங்க வேலைக்கு!”

“கூப்பிடுங்க சார். நூறு பேருக்கும் கையுறை குடுத்துக் கூப்பிடுங்க,” என்றான் குமரவேல்.

“மெத்தை இல்லாம ஹோட்டலை எப்படிய்யா தெறக்கறது? கலெக்டர் ஆபீஸ்லருந்து ஆள் வருது, ராத்திரி அங்கதான் தங்கறாங்க!” விமானத்தைத் தவறவிடவும் அவருக்கு மனமில்லை, மெத்தையை விட்டுப்போகவும் மனமில்லை. தாமதத்தில் பாதி அவரே உண்டாக்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்து வயது குறைந்தது.

அப்போது பிந்து மேடம் படியில் இறங்கி வந்தாள். “சார், உள்ளேயும் நிக்குது. கேபின் ரெடின்னு அவங்க கையெழுத்துப் போடல. போடாம நான் பயணிகளை ஏத்த முடியாது.”

ஜெயந்த் படிகளைத் தாவி ஏறினார். பிந்து பின்னால் ஏறினாள். நான் அவர்களுக்குப் பின்னால், கையில் ஒரு காலி வாளியோடு ஏறினேன். வாளி வைத்திருப்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

விஜயகுமாரி முதல் இருக்கையை ஒரு துணியால் துடைத்து முடித்து, அந்தத் துணியை மடித்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு நின்றிருந்தாள். பக்கத்தில் சபீனா.

“ஒரு சீட்டுக்கு ஒரு துணி சார்,” என்றாள் விஜயகுமாரி. “இன்னும் நூத்து எழுவத்தொம்பது துணி வேணும்.”

“நூத்து எழுவதா? பைத்தியமா உனக்கு? முன்னாடி மட்டும் தொடை!”

“பின்னாடி சார்?”

“பின்னாடி பத்து வரிசைக்கு எதுக்கும்மா துணி? அங்கதான் யாரும் உக்காரப் போறதில்லயே!”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. விஜயகுமாரி நிமிர்ந்து பிந்துவைப் பார்த்தாள்.

பிந்து கையிலிருந்த தாள்களை நிதானமாகப் புரட்டினாள். “சார், என் லிஸ்ட்ல அந்த அறுபது சீட்டுக்கும் பேர் இருக்கே. எல்லாம் உங்க நீலக்கரை புக் பண்ணது. வர்றாங்க, வழியில இருக்காங்கன்னு ஒவ்வொரு தடவையும் நீங்கதானே சொன்னீங்க? அதனாலதானே நான் கவுண்டரை மூடினப்புறமும் அந்த சீட்டை யாருக்கும் குடுக்கல?”

“பிந்து, இது அப்புறம் பேசலாம்.”

“வெளியில ஒருத்தர் டயாலிசிஸுக்கு நடுவுல நடைபாதைல உக்காந்திருக்கார் சார். அவர்கிட்ட மூணு தடவை நான் ஃபுல்னு சொல்லியிருக்கேன். என் வாயால.” அவள் குரல் உயரவேயில்லை. “வராதவங்க சீட்டைக் காத்திருக்கவங்களுக்குக் குடுக்கலாம்னு எனக்கும் ஒரு விதி இருக்கு.”

மணி எட்டு ஐம்பது. ஜெயந்த் விஜயகுமாரியின் பக்கம் திரும்பினார். குரல் திடீரென்று பலாப்பழமாகப் பழுத்தது.

“உன் வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்காமே. என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. இப்பவே இந்தப் பிளேன்லயே உக்காரு. காசு வேணாம். அந்தத் தாள்ல கையெழுத்தைப் போட்டுட்டு, எல்லா சீட்டும் ஃபுல்லா இருந்ததைப் பாத்தேன்னு ஒரு வரி எழுதிக் குடு. மூணு மணி நேரத்துல நீ அவர் பக்கத்துல இருப்ப.”

விஜயகுமாரி இருபத்தோராம் வரிசை வரை நடந்து போனாள். ஜன்னலோர இருக்கையின் கைப்பிடியில் கை வைத்தாள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்திருந்தாலும் நான் தப்பு சொல்லியிருக்க மாட்டேன். அவள் கண்முன்னால் கைலி நாடாவில் கட்டிய பாட்டில் ஆடிக்கொண்டிருந்திருக்கும். குனிந்து, பெல்ட்டை எடுத்து, வலது பட்டையை மேலே போட்டு, கொக்கியை உள்ளே திருப்பிச் செருகினாள்.

“உங்ககிட்டயும் கேட்டேன், உங்க நீலக்கரைலயும் கேட்டேன் சார். ஃபுல்னீங்க,” என்றாள். “முதல்ல வெளிய இருக்கவங்க ஏறட்டும். அவங்களுக்கு அப்புறம் எடம் இருந்தா நான் ஏறறேன்.”

“ஹவ்,” என்றாள் சபீனா. அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில் விமானமே ஒரு அங்குலம் தரையில் இறங்கியது.

ஒன்பது மணி. பன்னிரண்டு மணிப் பூஜைக்கு ஐயர் போர்ட் பிளேரில் தேங்காயோடு காத்திருந்தார். ஜெயந்த் போனை எடுத்தார், வைத்தார். கிட்டின் ஜிப்பை இழுத்தார், அது பட்டு வேட்டியைக் கடித்துக்கொண்டது. கடைசியில் பல்லைக் கடித்தபடி சொன்னார்:

“சரி. அந்த இருபத்து மூணையும் ஏத்துங்க. டிக்கெட் ரேட்டுக்கே ஏத்துங்க. ஆனா இவ ஏறக்கூடாது. இவ ஏறினா நான் கம்ப்ளெய்ன்ட் குடுத்து இந்தப் பிளேனை நிறுத்துவேன். இவளோட பாஸ் எனக்கு வேணும்.”

“அது அநியாயம் சார்,” என்றாள் பிந்து. “அறுபது சீட்டு இருக்கு. எதுக்கு நிறுத்தணும்?”

“நிறுத்துவேன். ஒம்பதரைக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்குன்னு எனக்கும் தெரியும்.”

குமரவேல் வாசலில் வந்து நின்றிருந்தான். “அவங்க ஏறாம ஒரு பெட்டியும் நகராது,” என்றான். “இறக்குங்கடா எல்லாத்தையும்னு நான் சொன்னா, அஞ்சே நிமிஷம்.”

விஜயகுமாரி கழுத்திலிருந்த பாஸைக் கழற்றினாள். மணியைப் பார்த்தாள். “வேண்டாம் குமரவேல். அந்த மனுஷன் இன்னும் ரெண்டு நாள் நடைபாதைல உக்கார முடியாது. மேடம், பஸ்ஸை வரச் சொல்லுங்க.” தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சபீனாவும் போட்டாள்.

மற்றப் பயணிகள் ஏறிய பிறகு, இருபத்து மூன்று பேரும் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார்கள். படிக்கட்டின் அடியில் ஸ்ரீனிவாஸ் மட்டும் நின்றார். எப்படியோ பஸ்ஸுக்குள் எல்லாச் செய்தியும் பரவியிருந்தது. விஜயகுமாரியிடம் ஒரே கேள்வி கேட்டார்.

“எந்த வார்டு?”

“ஆண்கள் எலும்பு வார்டு. ஏழாம் கட்டில். தேவசகாயம்.”

அவர் தலையாட்டிவிட்டு மேலே ஏறினார். ஒன்பது இருபத்தேழுக்கு விமானம் நகர்ந்தது. மெத்தைகள், கட்டில்கள், தொங்கு விளக்கு, இரண்டு தோல் சூட்கேஸ்கள் எல்லாம் தார்த்தளத்தில் கையுறைக்காகக் காத்திருந்தன. ஜெயந்த் ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துக்கொண்டே போனார். அந்த முகத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காகவே மாரெட்பள்ளி வீட்டில் ஒரு சுவர் காலியாக வைத்திருக்கிறேன்.

பகல் பன்னிரண்டரைக்கு உத்தரவு வந்தது. நாங்கள் ஐந்து பேர், சபீனா, விஜயகுமாரி, ஏழு பேரும் வேலையிலிருந்து நீக்கம். ஷிப்ட் முடிந்ததும் வெளியேற வேண்டும். பாஸ் இல்லாத விஜயகுமாரி முன்பே கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். இரண்டரை மணிக்குத் திரும்பி வந்த விமானத்தைச் சபீனா தனியாகத் துடைத்தாள். முடித்துவிட்டு வெளியே வந்தவள் விஜயகுமாரியின் கையில் ஒரு காகிதப் பையைக் கொடுத்தாள். வாந்தி வந்தால் பிடிப்பதற்கு இருக்கைப் பையில் வைத்திருப்பார்களே, அது.

“இருபத்தொண்ணாம் வரிசை. நீ போட்ட பெல்ட்டை யாரும் அவுக்கல. இது அதுக்கு அடியில செருகி இருந்துச்சு.”

பையின் முதுகில் பேனாவால் எழுதியிருந்தது. தமிழில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம், இந்தியில் கொஞ்சம். வியாழன் மதியம் முதல் மாலை வரை ஸ்ரீனிவாஸின் தம்பி. மாலை முதல் படுக்கும் நேரம் வரை ஒரு ஆசிரியர். வெள்ளி காலை தேர்வெழுத வந்த இரண்டு பேர். இப்படியே சனிக்கிழமை வரை, ஏழாம் கட்டில் பக்கத்தில் யார் எப்போது உட்காருவார்கள் என்று வரிசையாக எழுதி, இருபத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடைசி வரி ஸ்ரீனிவாஸுடையது: ‘பாட்டிலை இனி நாங்கள் எடுத்துக் கொடுப்போம்.’

விஜயகுமாரி அதை நாலாக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி படித்தாள்.

சனிக்கிழமை விடியலில் நாங்கள் ஏழு பேரும் சரக்கு கேட்டுக்கு முன்னால் நின்றோம். விஜயகுமாரியின் கையில் புதுச் சான்றிதழ் இருந்தது. கம்பெனி எங்களுக்குப் பதிலாகக் கூகட்பள்ளியிலிருந்து நாற்பது பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. எண்ணூறு பேர் என்று சாந்தாவிடம் சொல்லியிருக்கிறேன், நீங்கள் நாற்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலை இல்லாமல் வயிறு காய்ந்து வந்த பிள்ளைகள். குமரவேல் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினான். பெல்ட்டைப் பற்றி, ஹோட்டலைப் பற்றி, பாதிச் சம்பளத்தைப் பற்றி. அவர்களில் ஒருவன் எட்டிப் பார்த்துக் கேட்டான்: “எங்களுக்கும் பாதியா அண்ணா?”

“உங்களுக்குப் பாதில பாதி.”

“கையுறை?”

“படம் எடுக்கறப்போ மட்டும்.”

அவன் குதித்து இறங்கினான். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். பக்கத்துக் கம்பெனி லோடர்கள் ஷிப்டுக்குப் போகிற வழியில் எங்களைப் பார்த்துச் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் ஓரம் கட்டினார்கள்.

ஐந்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. போர்ட் பிளேர் எண். ஸ்பீக்கரில் போட்டு என் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தேன்.

“பாலு! பிளேன் கிளம்புதா இல்லயா?” ஜெயந்தின் குரல் வியாழக்கிழமைப் பட்டுச் சட்டையைப் போலவே கசங்கியிருந்தது. மாற்றுத் துணி இங்கே சூட்கேஸில். திறந்த ஹோட்டலில் கட்டில் இல்லை, மெத்தை இல்லை. கலெக்டர் ஆபீஸ்காரர்கள் தேங்காய்மூடியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாளாக முதலாளி தன் புது ஹோட்டலின் வெறும் பளிங்குத் தரையில் உருண்டிருக்கிறார். “நான் இன்னைக்கு வந்தாகணும்யா! இந்த ஊர்ல வேற பிளைட்டே கிடையாது!”

“தெரியும் சார்,” என்றான் குமரவேல். “எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

“யாரு, குமரவேலா? என்ன வேணும் உங்களுக்கு?”

“ஏழு பேருக்கும் வேலை. எல்லாருக்கும் முழுச் சம்பளம். கையுறை. அறுபது சீட்டையும் கவுண்டர்ல விடணும், ஹோட்டல் இல்லாம. அதுல முதல் சீட்டு விஜயகுமாரிக்கு.”

“மிரட்டறீங்களா? ஒண்ணும் கெடையாது. ஒருத்தனுக்கும் கெடையாது! நான் எப்படி வர்றதுன்னு எனக்குத் தெரியும். முதல்ல பிளேனை அனுப்புங்க, எனக்கு ஒரு சீட்டு…”

விஜயகுமாரி ஸ்கூட்டரின் மேல் குனிந்தாள். நீலக்கரைப் பெண்ணின் குரலில், அதே இனிமையில் கேட்டாள்:

“ஹோட்டலோட சேத்தா சார், ஹோட்டல் இல்லாமயா?”

நாற்பத்தேழு பேரும் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் சிரித்தோம். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

எதுவும் கிடைத்துவிடவில்லை. பாஸ் அவர் பையில் இருக்கிறது, எங்கள் பெயர்கள் நீக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கின்றன, தேவசகாயத்தின் இடுப்பு இன்னும் மாவுக்கட்டோடு இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் விமானத்தின் வால் வெயிலில் மின்னியது. இந்த முறை மருந்துப் பெட்டிகளையும் குஞ்சுகளையும் மட்டும் ஏற்றிக் கொடுக்கிறோம், சம்பளம் வேண்டாம் என்று குமரவேல் பிந்து மேடத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். உள்ளேயிருந்து பதில் வர வேண்டும்.

ஒன்பதரைக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. மறுபடி போன் அடித்தது, அதே எண். விஜயகுமாரி எடுக்கவில்லை. காகிதப் பையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே, வலது கையை மேலே போட்டுக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சபீனா அப்படியே கட்டினாள். அடுத்து குமரவேல், அடுத்து லாரியிலிருந்து முதலில் குதித்தவன், பிறகு வரிசை முழுக்க. நானும் கட்டிக்கொண்டேன், முழங்கால் சில்லு இரண்டும் அதனதன் இடத்தில் கெட்டியாக இருந்தன.

அடிக்கட்டும் என்று விட்டோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது.